முஸ்தபா ஆடிய மதுரை

திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் தார்ப்பாயில் பரப்பிய இரும்பு கையைச் சுட்டுவிடும். துருவேறிய ஸ்பானர், ஒரு சக்கரம் கழன்ற குழந்தை சைக்கிள், கிரைண்டர் மோட்டார், எந்தெந்த வீட்டு டிவிக்கோ வாழ்க்கைப்பட்டிருந்த ரிமோட்டுகள். அந்த ரிமோட் குவியலுக்கு அடியில்தான் அது கிடந்தது. மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலம். மேலே ஒட்டிய படம் பாதி கிழிந்து, துப்பாக்கியோடு நின்ற இரண்டு பேரில் கால்கள் மட்டும் மிச்சம். கால்களுக்குக் கீழே ஏழு ஒன்பதுகள் வரிசையாக.

"அண்ணே, இது எம்புட்டு?"

கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "என்னாண்ணே இது, பாட்டுக் கேசட்டா?"

"இல்லண்ணே. டிவி கேம் கேசட்டு."

"அப்ப இருநூறு குடுங்க."

பாட்டுக் கேசட்டாக இருந்திருந்தால் இருபது ரூபாயோடு போயிருக்கும். என் முகத்தில் எதையோ படித்துவிட்டார். பேரம் பேசி நூற்றைம்பதில் முடித்து, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு மஞ்சள் கேசட்டுக்காக அத்தை மகனோடு ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பேசாமல் இருந்தவன் நான்.

உலகத்தில் இந்தப் பொருட்களைச் சேகரிப்பது பெரிய பணக்காரப் பொழுதுபோக்காகிவிட்டது. 2021 ஜூலையில் அமெரிக்காவில் 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடுத்த மாதமே பழைய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்று 20 லட்சம் டாலருக்கு விற்றது. இரண்டும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. ஆடாத ஆட்டத்துக்குத்தான் அந்த விலை! கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை ஒரு முறைகூட உடுத்தாமல் பீரோவில் வைத்து, வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுகிற மாதிரி.

அந்தக் கணக்கில் பார்த்தால் என் மஞ்சள் கேசட் குப்பை. அது அசல் இல்லை, போலி. அட்டைப் படம் திருட்டு, உள்ளே இருக்கும் ஆட்டங்கள் திருட்டு, ஏழு ஒன்பது என்று போட்டிருக்கும் எண்ணிக்கை அப்பட்டமான பொய். ஆனாலும் மதுரையில் ஒருவர் சேர்த்து வைக்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானிய அசலைப் பத்திரப்படுத்த ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் போலியைப் பத்திரப்படுத்த யார் இருக்கிறார்கள்?

நமக்கு அது கேசட்

வெள்ளைக்காரன் கார்ட்ரிட்ஜ் என்கிறான். மதுரையில் யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. பாட்டுக் கேசட், படக் கேசட், அப்புறம் கேம் கேசட். நாடா கிடையாது, சக்கரம் கிடையாது. இருந்தாலும் ஒரு பெட்டிக்குள் செருகினால் டிவியில் ஏதோ வருகிறது, அதனால் கேசட். பெயர் வைப்பதில் நமக்கு ஒரு தாராளம் உண்டு.

அந்தப் பெட்டியின் பூர்வீகம் ஜப்பான். 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் மசாயுகி உவேமுரா என்ற பொறியாளர். அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டம், அத்தனை கோட்டை, அத்தனை காளான், அத்தனை பாட்டும் சேர்த்து 40 கிலோபைட். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் இதைவிடப் பெரிது.

1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது நின்டெண்டோ தன் பெட்டிக்குள் ஒரு பூட்டு சிப் வைத்தது. கம்பெனி அனுமதித்த கேசட்டில் அதற்கு ஜோடியான சிப் இருந்தால்தான் ஆட்டம் ஓடும். செருகும் பின்களையும் 60இலிருந்து 72 ஆக்கினார்கள். ஜப்பான் பெட்டியில் இந்தப் பூட்டு இல்லை. திறந்த வீட்டுக்குள் தைவான்காரர்கள் நுழைந்தார்கள். அங்கே யுஎம்சி போன்ற கம்பெனிகள் ஃபேமிகாமின் மூளையை நகலெடுத்து சிப் போட்டார்கள். பிறகு மொத்த சாமானையும் ஒரே சிப்புக்குள் அடக்கி, அதன் மேல் கறுப்புப் பிசினை ஒரு சொட்டு ஊற்றி மூடினார்கள். பழைய செட்டைப் பிரித்தால் பச்சைப் பலகையின் நடுவில் திருஷ்டிப் பொட்டு மாதிரி தெரியுமே, அதுதான். ரஷ்யாவில் அது 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில் விற்றது. நமக்கு 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர்' என்று வந்தது. நின்டெண்டோ நேரடியாக இங்கே கடை விரிக்கவில்லை. அதனால் இதற்கெல்லாம் மூலம் ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. எனக்கு அது 'டிவி கேம்'. அவ்வளவுதான்.

சென்னையில் பர்மா பஜார் இருந்தது. மதுரைக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மீனாட்சி பஜார். சிங்கப்பூருக்குப் போய்வரும் குருவிகள் பையில் ஒன்று, துபாயிலிருந்து லீவில் வரும் சித்தப்பா பெட்டியில் ஒன்று என்று வந்து சேர்ந்தவை போக, கடைகளில் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது தொண்ணூறுகளில். முறையாக வந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. 1995இல் சேகா கம்பெனி தன் 'மெகா டிரைவ்' கருவியை இந்தியாவில் விற்க ஷா வாலஸோடு கூட்டுச் சேர்ந்தது. ஆமாம், அதே சரக்குக் கம்பெனிதான். இறக்குமதி வரி 80 சதவீதத்தைச் சமாளிக்க அப்படி ஓர் ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பம் கலர் டிவியா, பீரோவா என்று மூன்று வருடம் யோசிக்கிற தொகை அது. மதுரைத் தெருக்களில் போலி ஜெயித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சொந்தமாக வாங்கியவர்களை விட வாடகைக்கு எடுத்தவர்கள் அதிகம். டெக் வாடகைக்கு விடும் கடையிலேயே டிவி கேமும் கிடைக்கும். ஒரு நாள் வாடகைக்கு நான்கு வீட்டுப் பிள்ளைகள் காசு போடுவோம். வீட்டில் எடுக்க முடியாதவர்கள் மணிக்கணக்கில் ஆடும் கடைக்குப் போவார்கள். பழைய கடிகாரம், நோட்டுப் புத்தகம், அதில் பென்சிலால் பெயரும் நேரமும். கரண்ட் போனால் கடைக்காரர் கடிகாரத்தை நிறுத்துவாரா மாட்டாரா என்பதில்தான் அவருடைய குணம் தெரியும்.

என் கேசட்டுக்கு வருகிறேன். இந்த ஏழு ஒன்பது கேசட்டில் உண்மையில் இருக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரு கையில் எண்ணிவிடக் கூடியவை. காண்ட்ரா, மரியோ, வாத்து சுடுவது, இன்னும் ஒன்றிரண்டு. மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு கட்டத்தில் தொடங்கும், அல்லது வேறு ஆயுதத்தோடு தொடங்கும். பட்டியலில் மட்டும் வேறு வேறு பெயர். ஒரே மாவை இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று எழுதிப் போடும் ஓட்டல் பலகைதான். ஏமாற்றுதான் என்றாலும் அதிலே ஒரு கைவேலை இருக்கிறது. ஆட்டத்தின் உள்ளே போய் 'எட்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பி' என்று மாற்றி எழுத ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். யார் அவர்? பெயர் எங்கும் இல்லை. தைவானில் 'ஹம்மர் டீம்' என்று ஒரு குழு 1994இல் சோனிக் ஆட்டத்துக்குள் மரியோவை ஓடவிட்டு 'சோமாரி' என்று வெளியிட்டது. இரண்டு எதிரிக் கம்பெனிகளின் நாயகர்களை, இருவர் அனுமதியும் இல்லாமல் சேர்த்து வைத்த கலப்புத் திருமணம். அந்தக் கேசட்டை இன்றைக்கு வெளிநாட்டில் தேடி அலைகிறார்கள்.

காண்ட்ராவை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். கோனாமி நிறுவனத்தின் ஆட்டம் அது. மூன்று உயிர் போதாது. முப்பது உயிர் வாங்க ஒரு மறைகுறி உண்டு. அந்தக் குறியை முதலில் எழுதியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986இல் 'கிராடியஸ்' ஆட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தனக்கே வைத்துக்கொண்டது. அமெரிக்கப் பிள்ளைகள் அதைப் பத்திரிகையில் படித்தார்கள். ஆரப்பாளையத்தில் எங்களுக்கு எந்தப் பத்திரிகை வந்தது? "மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம்" என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்கு ஒப்பித்தார்கள். ஒசாகாவிலோ டோக்கியோவிலோ ஒருவர் தன் சோம்பலுக்காக எழுதியது, தாளில் ஏறாமலே வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தது.

காசு போட்டால் முஸ்தபா

வீட்டுக் கேம் ஒரு பக்கம். நிஜமான ஊர்வம்பு நடந்தது வீடியோ கேம் சென்டர்களில். நிற்கும் பெட்டி, சாய்ந்த திரை, குச்சி, பட்டன்கள்.

அந்தப் பெட்டிகளும் அசல் இல்லை. ஆசாரி வைத்து பிளைவுட்டில் அடித்து, மேலே மைக்கா ஒட்டி, பழைய கலர் டிவியின் பிக்சர் டியூபைப் பொருத்தியவை. உள்ளே இருந்த பலகைதான் கடல் கடந்து வந்தது. 1985இல் ஜப்பானில் வகுத்த 'ஜம்மா' என்ற பொது இணைப்பு முறையால்தான் இது சாத்தியமானது. பலகையின் ஓரத்தில் பக்கத்துக்கு 28, மொத்தம் 56 தொடர்புகள். எந்தக் கம்பெனிப் பலகையானாலும் அதே இணைப்பு. பழைய ஆட்டம் சலித்தால் பலகையைக் கழற்றி வேறொன்றைச் செருகிவிடலாம், பெட்டி அதேதான். காசு போடும் துளை பல கடைகளில் வேலை செய்யாது. கடைக்காரரிடம் டோக்கன் வாங்க வேண்டும், அல்லது அவர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பட்டனை அமுக்கிக் 'காயின் ஏத்துவார்'. அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பையன் ஒரு வாரம் ராஜாவாகத் திரிந்து, எட்டாவது நாள் அடி வாங்கினான். அது நான் இல்லை. என் அண்ணன்.

ஆட்டங்களில் ஆட்டம் முஸ்தபா. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய யாரைக் கேட்டாலும் அதே பெயரைச் சொல்வார்கள். அதன் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. மார்க் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் 'ஜெனோசோயிக் டேல்ஸ்' காமிக்ஸ்தான் மூலம். நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்: ஜாக், ஹன்னா, மெஸ், முஸ்தபா. மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாதான் வேகம். ஓடிவந்து உதைத்தால் ஒரு வரிசையே விழும். காடிலாக் என்றால் கார் என்று யாருக்குத் தெரியும்? டைனோசார் எல்லாப் படத்திலும் வருகிறது. வாயில் நுழைந்த பெயர் முஸ்தபா. போதாததற்கு 1996இல் 'காதல் தேசம்' வந்து அந்தப் பெயரைத் தெருவெல்லாம் பாட வைத்தது. ஆட்டத்தின் பெயரே முஸ்தபாவாகி, கடை வாசலில் பெயின்ட்டால் எழுதும் அளவுக்குப் போயிற்று. அமெரிக்கக் கதைக்கு நாயகன் ஜாக். எங்கள் ஊரில் ஜாக் ஒரு துணைப் பாத்திரம்.

சேகரிப்பவர்களுக்கு இந்த ஆட்டம் ஒரு சோதனை. காசு போட்டு ஆடிய இந்தப் பதிப்பு அந்தக் காலத்து வீட்டுக் கருவி எதற்கும் வரவில்லை. ஆடவேண்டும் என்றால் பலகைதான் வேண்டும். அந்த அசல் பலகையில் ஒரு வினை இருக்கிறது. நகலெடுப்பதைத் தடுக்க, ஆட்டத்தின் ஒரு பகுதியை மறைமொழியாக்கி, அதைத் திறக்கும் சாவியை ஒரு சிறிய பேட்டரியின் தயவில் வைத்தது கேப்காம். பேட்டரி தீர்ந்தால் சாவி மறந்துபோகும், பலகை செத்துப்போகும். பின்னால் வந்த கேப்காம் பலகைகளிலும் இதே ஏற்பாடு. சேகரிப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் தற்கொலை பேட்டரி. திருட்டுப் பலகை செய்தவன் அந்த பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் நகலெடுத்தான். கள்ளன் செய்த பலகைக்கு அந்தச் சாவு கிடையாது. கம்பெனி செய்ததை மருத்துவம் பார்த்துத்தான் பிழைக்க வைக்க வேண்டும். நீதி நூல் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம்.

இருந்தும் மதுரையில் அந்தப் பெட்டிகள் ஏன் மிஞ்சவில்லை? வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது, பிளேஸ்டேஷன் கடைகள் வந்தன என்பது ஒரு பாதி. மறுபாதி அவப்பெயர். சீட்டாட்ட கிளப்பைப் பார்ப்பது போலத்தான் ஊர் அவற்றைப் பார்த்தது. சில பெட்டிகளில் சூதாட்டம் நடந்ததும் உண்மைதான். 1995இல் கர்நாடகத்திலிருந்து போன எம்.ஜே. சிவானி வழக்கில், வீடியோ கேம் கடைகளை லைசென்ஸ் வைத்துக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லைசென்ஸ், போலீஸ், பள்ளிக்கூட வாத்தியார், பெற்றோர் என்று நாலு பக்கமும் நெருக்கடி. கடையை மூடியவர் பெட்டியைச் சேர்த்து வைக்க நினைக்கவில்லை. பிளைவுட் விறகுக்கு, டியூப் மெக்கானிக்குக்கு, பலகை காயலான் கடைக்கு. இரும்புச் சாமானுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள் எத்தனை முஸ்தபாக்களைத் தராசில் போட்டார்களோ.

தாளம் தளர்ந்த மரியோ

'இதெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறதே, பழைய பிளாஸ்டிக்கை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய்' என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கருவியையே மென்பொருளால் நடித்துக் காட்டும் வித்தை பழையது. காசுபோடும் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் 'மேம்' என்ற திட்டத்தை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கினார். டவுன் ஹால் ரோட்டில் இன்றைக்கும் பத்தாயிரம் ஆட்டம் அடங்கியது என்று ஒரு குச்சியை விற்கிறார்கள். டிவியில் செருகினால் மரியோ வருகிறார்.

வருகிறார். ஆனால் அவர் எங்கள் மரியோ இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. குச்சியை வாங்கி ஆடியபோது, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளங்களில் எல்லாம் விழுந்து தொலைத்தேன். வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காரணம் வேறு. ஜப்பான், அமெரிக்கா டிவியில் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியாவில் நாம் எடுத்துக்கொண்டது 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. ஆட்டம் தன் அடியை எடுத்து வைப்பதே திரை புதுப்பிக்கும் கணக்கில்தான். பால் டிவிக்கென்று தைவானில் செய்த சிப்பில் ஓடிய மரியோ, ஜப்பான் மரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். அந்த சிப்பில் ஒரு விசேஷம். ஐரோப்பாவில் விற்ற நின்டெண்டோவின் சொந்தப் பெட்டியில் மூளையின் வேகமும் குறைந்து பாட்டின் சுருதியும் இறங்கியது. தைவான் நகல்காரர்கள் மூளையின் வேகத்தைக் கிட்டத்தட்ட ஜப்பான் அளவிலேயே வைத்தார்கள். அதனால் சுருதி விலகவில்லை, தாளம் மட்டும் தளர்ந்தது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: அதே பாட்டு, கீழ்க் காலத்தில்.

ஆக, மதுரையில் ஒரு தலைமுறையின் விரல்கள் பழகிய மரியோ ஜப்பானிலும் கிடையாது, அமெரிக்காவிலும் கிடையாது. பிசின் பொட்டு வைத்த அந்தப் போலி செட்டுக்குள் மட்டும்தான் அவர் இருக்கிறார். அசலை எத்தனை லட்சம் டாலருக்கு வாங்கினாலும் இவர் கிடைக்க மாட்டார்.

பரணில் ஒரு புதையல்

அடுத்த சிக்கல் டிவி. 'டக் ஹன்ட்' என்ற வாத்து சுடும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி திரையை நோக்கிச் சுடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நேர்மாறு. துப்பாக்கியின் வாயில் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். அந்த வெளிச்சம் குழலுக்குள் விழுந்தால் வாத்து செத்தது. பிக்சர் டியூபில் படம் வரிவரியாக, நொடிக்கு 15,625 வரி என்ற வேகத்தில் வரையப்படுவதால் கருவி கேட்ட கணத்திலேயே வெளிச்சம் வரும். இன்றைய தட்டை டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும். எல்இடி டிவியில் ஒரு வாத்தும் சாகாது. ஆட்டத்தில் வரும் நாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டில் இதற்காகவே பழைய டியூப் டிவிகளைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டியூப் டிவி போனது. உலகமெல்லாம் டியூப் டிவிக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவ்வளவு டிவிகளை ஓர் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இறக்கியது. அதன் அரசியலை வேறு பக்கத்தில் பேசிக்கொள்ளலாம். பழைய ஆட்டங்களைப் பத்திரப்படுத்துகிறவன் கண்ணுக்கு அது தெரியாத்தனமாக நடந்த மாபெரும் உதவி. உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம், வாடிப்பட்டிப் பக்கம் எந்த வீட்டுப் பரணைப் பார்த்தாலும் நெல் மூட்டைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். நான் வாங்கியது வாடிப்பட்டியில். அந்த வீட்டு அம்மா காசே வேண்டாம் என்றார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது, எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார். வெறும் கையோடு வாங்க மனமில்லாமல் பூவும் பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் கயிறு கட்டிக் கொண்டுவந்தேன். இப்போது அவையும் வேகமாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் பகடைக் காய்களும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் இருக்கின்றன. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து உருட்டிய சில்லு. யாரோ ஒரு பிள்ளை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அதை வைத்து ஆடியிருக்கிறது. அதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கொளியில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. சில்லுக்கு டிவி வேண்டாம், அடாப்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மண்ணில் கிடந்தாலும் அது சில்லுதான். கேசட் அப்படி இல்லை. பின் கறுத்தால் போயிற்று. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் கிடைப்பதில்லை. அசலுக்கே அந்த கதி. போலிக்கு அப்படி எண்ணிப் பார்த்த கணக்கை நான் எங்கும் பார்த்ததில்லை.

அதனால் யாராவது பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். கேசட் மட்டுமல்ல. மணிக்கணக்கு எழுதிய நோட்டு, டோக்கன், கடைக்காரர் கையால் 'முஸ்தபா', 'டாங்கி' என்று பேனாவில் எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம், எல்லாமும்தான். கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் ஓட வைத்தோம், தெரியும். ஊதியதால் ஓடவில்லை, எடுத்து மறுபடி செருகியதால் ஓடியது. எச்சில் ஈரம் செம்பைத் தின்றுவிடும். வெள்ளை ரப்பரால் பின்களை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். செட்டுக்குக் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிவிட வேண்டாம்; பல பழைய செட்டுகளில் பிளஸ்ஸும் மைனஸும் வழக்கத்துக்கு மாறாக இருக்கும். ஒரே நொடியில் திருஷ்டிப் பொட்டு புகைந்துவிடும். எனக்கு ஒன்று புகைந்தது.

மஞ்சள் கேசட்டை அன்றைக்குச் சாயங்காலமே சுத்தம் செய்து, வாடிப்பட்டி டிவியில் போட்டேன். முதலில் வெறும் புள்ளிமழை. சேனல் திருகி, திருகி, கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தியபோது பட்டியல் வந்தது. கடற்கரை, பறவைகள், எண்கள். காண்ட்ராவுக்குப் போய் 'மேல மேல, கீழ கீழ' அமுக்கினேன். விரல் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி திடலுக்குப் போனேன். அதே தார்ப்பாய், அதே ரிமோட் குவியல். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"ஓடுச்சாண்ணே?"

"நல்லா ஓடுச்சுண்ணே."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப முந்நூறு சொல்லியிருக்கணும்," என்றார்.